ஏரி முடியும் இடம் தெரியாமல் மனை வாங்காதீர்கள்

ஏலகிரியில் புங்கனூர் ஏரியைச் சுற்றி ஒரு மாலை நடந்து பார்த்தவர்களுக்கு, இங்கே சின்னதாக ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றாமல் இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பல வருடம் உழைத்தவர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் வேலூர்க்காரர்கள், வார இறுதிக்கு ஓர் இடம் தேடும் சென்னை, பெங்களூருக் குடும்பங்கள் என்று பலருக்கும் இந்த ஆசை உண்டு. மலைமேல் விலை கட்டுப்படியாகாதவர்கள் அடிவாரத்திலும் பாலாற்றுச் சமவெளியிலும் உள்ள சிற்றேரிகளின் பக்கம் பார்க்கிறார்கள். ‘லேக் வியூ’ என்ற விளம்பரச் சொல்லுக்கு இன்று தனி விலை இருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் ஏரியோரம் மனை வாங்குவதும் சாதாரண மனை வாங்குவதும் ஒன்றல்ல.

முதலில் நம் ஏரி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி தொடங்கி ஊருக்கு ஊர் இருக்கும் சிற்றேரி வரை எல்லாமே பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. ஒரு பக்கம் மண்கரை, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல். எதிர்ப்பக்கம் கரை கிடையாது. நிலம் மெல்ல ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் அதன்மேல் படர்ந்து நிற்கும். கலங்கல் மட்டத்துக்கு நீர் நிறையும்போது எதிர்ப்பக்கம் எதுவரை ஏறுகிறதோ, அதுவரை ஏரிதான். அது நிறைவது வடகிழக்குப் பருவமழையின் கையில் இருக்கிறது. மழை பொய்த்த வருடங்கள் தொடர்ந்தால் நீர்ப்பிடிப்புப் பகுதி காய்ந்து புல் முளைக்கிறது, சீமைக்கருவேலம் வளர்கிறது, ஒருவர் உழுகிறார், இன்னொருவர் வேலி போடுகிறார். பிறகு அங்கே கல் நட்டு மனையாகப் பிரிக்கிறார்கள். கோடையில் வந்து பார்ப்பவருக்கு அது மேட்டு நிலமாகத் தெரியும், ஏரி தள்ளி இருக்கும். பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டபோது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் ஏரிகள் அடுத்தடுத்து நிரம்பிக் கலங்கல் பாய்ந்தன. ஏரியின் உண்மையான எல்லை அப்படிப்பட்ட நாட்களில்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே மனையை மே மாதத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2021இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்த ஏரியின் ஆயக்கட்டு விவசாயிகளை, அதாவது அதன் தண்ணீரில் பயிர் செய்பவர்களைக் கேளுங்கள். விற்பவரும் தரகரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். கலங்கலிலிருந்து உபரிநீர் போகும் கால்வாய் எங்கே, ஏரிக்கு வரும் ஓடை எங்கே என்பதையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏரி தள்ளியே இருந்தாலும் வரத்துக்கால்வாயின் மேல் மனை விழுந்திருக்கலாம்.

அடுத்தது பதிவேடு. வில்லங்கச் சான்றும் பட்டாவும் கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. பதிவுத் துறை பத்திரத்தைப் பதிகிறது, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. சர்வே எண்ணுக்கு எதிரே கிராம ‘அ’ பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் அந்த நிமிடமே விலகிவிடுங்கள். இன்றைய பதிவேட்டை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய கணக்கு எழுதப்பட்டபோது பல இடங்களில் வகைப்பாடு மாறியது, பெயர் மாறியது, தவறுகளும் புகுந்தன. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் வாங்கி ஒப்பிட வேண்டும். புலப்பட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிமம் பெற்ற நில அளவையரைக் கூட்டிப்போய் அளக்கச் சொல்லுங்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பழைய ஆவணங்களில் மாவட்டப் பெயர் வேறாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், ஆனால் எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதும் முக்கியம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். இந்த சர்வே எண் ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் வருகிறதா, ஆக்கிரமிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறார்’ என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த 30 நாள் பொறுக்க முடியாத மனை நமக்கு வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதில்லை. காட்டக் கூடாது என்பதே என் கருத்தும். ஊர்ப் பொது நிலங்கள் பற்றிய 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில், நீண்ட காலம் அனுபவித்ததையோ பெரும் பணம் போட்டுக் கட்டியதையோ காரணம் காட்டி ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே வந்தது. நீர்நிலை நிலங்களைப் பதிவு செய்யக் கூடாது, அவற்றில் கட்டட அனுமதியோ மின் இணைப்போ தரக் கூடாது என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் கட்டண அட்டை இருக்கிறது, வங்கி கடன் கொடுத்தது என்பதெல்லாம் ஏரிக்குள் கட்டிய வீட்டைக் காப்பாற்றாது. விற்றவர் பணத்தோடு போய்விடுவார், புல்டோசர் வரும்போது வாசலில் நிற்பவர் வாங்கியவர்தான்.

நிலம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர்? இந்த வட்டாரத்தில் அதைக் கேட்காமல் எவரும் முன்பணம் கொடுக்கக் கூடாது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் ஊறியே வருகிறது. தொழிற்சாலையில் முதலில் அலசும்போதே அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் சேர்கிறது, பதனிடும்போது குரோமியம் சேர்கிறது. குரோமியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் கிணறுகளையும் வயல்களையும் பரவலாகக் கெடுத்தது உப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைப் பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியதும் அந்தத் தீர்ப்புதான். அதன் வழியே அமைந்த ஆணையம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புத் தர வேண்டியிருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன, கழிவுநீரை வெளியே விடாத முறைக்குத் தொழிற்சாலைகள் மாறியிருக்கின்றன, அது உண்மை. ஆனால் பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கிய உப்பு ஓர் உத்தரவில் மறைவதில்லை.

அதனால் ஏரித் தண்ணீரின் தெளிவைப் பார்த்து மயங்காதீர்கள், ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதியுங்கள். மனையில் கிணறு இல்லையென்றால் பக்கத்து நிலத்துக் கிணற்றில் கேட்டு எடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு, அதில் தளர்வு கிடையாது. வழக்கமான சோதனையில் குரோமியம் சேர்ந்திருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். ‘ஆர்ஓ மெஷின் போட்டுக்கலாம்’ என்று தரகர் சொல்வார். குடிக்க அது போதும். குளிக்க, துவைக்க, செடிக்கு என்ன செய்வது? அந்த மெஷின் ஒதுக்கும் உப்புநீரும் உங்கள் மண்ணிலேயேதான் இறங்கும்.

ஏலகிரிக்கு வேறு கவலைகள். மலையில் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள், காப்புக்காடு இருக்கிறது, நிபந்தனையோடு ஒப்படைத்த நிலங்களும் இருக்கலாம். ‘ஹாகா’ என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி அந்தச் சர்வே எண்ணுக்குத் தேவையா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். சமவெளியில் பஞ்சமி நிலம் வாங்கிவிடும் ஆபத்து உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒப்படைக்கப்பட்ட அந்த நிலத்தைப் பிறருக்கு விற்க முடியாது. வாங்கினால் செல்லாது, வாங்குவது அநீதியும்கூட. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று காட்டப்படும் லேஅவுட்டுகளையும் நம்ப வேண்டாம். 2016 அக்டோபர் 20க்குப் பின் அங்கீகாரமில்லாமல் பிரித்த மனைகளுக்கு முறைப்படுத்தும் திட்டத்தில் இடமில்லை, பத்திரப் பதிவுக்கும் தடை உண்டு.

ஏமாந்துவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையோ எட்டுக்கு மேற்பட்ட மனைகளையோ விற்கும் நிறுவனம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ‘ரெரா’வில், பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அது வாங்கக் கூடாது. ‘லேக் வியூ’ விளம்பரத்தில் பொய் இருந்தால் 12ஆம் பிரிவின் கீழ் இழப்பீடோ முழுப் பணமோ கேட்கலாம். நிலத்தின் உரிமையிலேயே குறை இருந்து நட்டம் வந்தால் 18(2) பிரிவு உதவும், அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பே இல்லை. இது பலருக்குத் தெரியாத வலுவான உரிமை. மனை பிரித்து விற்காத தனிநபரிடம் வாங்கியிருந்தால் ரெரா பொருந்தாது. அங்கே சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு துணை: தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையை மறைக்காமல் சொல்வது விற்பவரின் கடமை. நீங்கள் எல்லா ஆவணங்களையும் கேட்டுப் பார்த்தீர்கள் என்பதற்கான தாள்கள் கையில் இருந்தால்தான் சிவில் நீதிமன்றத்தில் அது நிற்கும்.

நீர் மாசு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலூர் அல்லது வாணியம்பாடி அலுவலகத்தில் தேதியோடு எழுத்துப் புகார் கொடுங்கள். ஆய்வக அறிக்கையை இணையுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இழப்பீடு கேட்க, காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. நம் வீட்டுக் கழிவறைத் தொட்டியின் நீர் அதே ஏரிக்குள் கசிந்தால், அந்தப் புகார் நம் மேலும் வரும். தொட்டிக்குத் தகுந்த இடம் மனையில் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மனம் அங்கேயே நிற்கிறதென்றால் முதல் வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள், ஒரு கோடையும் ஒரு மழையும் கடக்கட்டும். வாங்குவதென்று முடிவானால் கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: இந்த சர்வே எண் நீர்நிலை எல்லைக்குள் வருவதாக அரசு அலுவலகம் எழுத்தில் பதில் தந்தாலோ, நிலத்தடி நீர் குடிநீர்த் தரத்துக்குள் இல்லையென்று ஆய்வக அறிக்கை வந்தாலோ, முன்பணம் முழுவதையும் விற்பவர் திருப்பித் தர வேண்டும். இந்த வரிக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறவரிடம் மனை வாங்க வேண்டாம்.