எத்தியோப்பியாவில் வெடித்த எரிமலை: சென்னை - மும்பை விமானம் ரத்தானது ஏன்?

மும்பை: எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை கடந்த 2025 நவம்பர் 23-ஆம் தேதி வெடித்துச் சிதறியதில் எழுந்த சாம்பல் மேகம், அரபிக் கடலைக் கடந்து மறுநாளே இந்திய வான்பரப்பை எட்டியது. இதன் எதிரொலியாக வளைகுடா நாடுகளுக்கான சில விமானங்கள் மட்டுமின்றி, சென்னை - மும்பை, மும்பை - ஹைதராபாத், மும்பை - கொல்கத்தா போன்ற உள்நாட்டு வழித்தடங்களிலும் விமானங்கள் ரத்து செய்யப்பட்டன.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்களில் சொந்த ஊருக்குச் செல்வோரும், வளைகுடாவில் பணிக்குச் செல்வோரும் நம்பியிருப்பது மும்பை விமான நிலையத்தையே. மும்பையில் வானம் வழக்கம்போலத் தெளிவாக இருக்க, சுமார் 3,500 கி.மீ. தொலைவில் உள்ள எரிமலையால் விமானம் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வி பயணிகளிடையே எழுவது இயல்பே.

சாம்பல் வந்த பாதை

எத்தியோப்பியாவின் வடகிழக்கே அஃபார் பகுதியில் அமைந்துள்ளது ஹைலி குப்பி. கடந்த சுமார் 12,000 ஆண்டுகளில் இந்த எரிமலை வெடித்ததாகப் பதிவு எதுவும் இல்லை. நவம்பர் 23 காலை வெடித்தபோது சாம்பல் சுமார் 14 கி.மீ. உயரம் வரை எழும்பியது. அந்த உயரத்தில் வீசும் பலத்த காற்று, அதைச் செங்கடல், ஏமன், ஓமன் வழியாக அரபிக் கடலுக்குக் கொண்டு வந்தது. நவம்பர் 24 இரவு குஜராத் வழியாக நுழைந்த மேகம், ராஜஸ்தான், டெல்லி, ஹரியாணா, பஞ்சாப் பகுதிகளின் மேலாகக் கடந்து சீனாவை நோக்கி நகர்ந்தது.

மேகம் மிக உயரத்தில் சென்றதால், தரையில் மக்கள் சுவாசிக்கும் காற்றில் பெரிய பாதிப்பு இராது என வானிலை வல்லுநர்கள் தெரிவித்தனர். ஆனால், பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் சாம்பல் மிதந்த உயரமும் ஏறத்தாழ ஒன்றே. சிக்கலின் தொடக்கம் இதுதான்.

என்ஜினுக்குள் நடப்பது என்ன?

எரிமலைச் சாம்பல் விறகு எரிந்து எஞ்சும் சாம்பலைப் போன்றது அன்று. அது பொடியான பாறையும் கண்ணாடித் துகளும் கலந்தது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இத்துகள்கள் உருகத் தொடங்கும். ஜெட் என்ஜினின் எரிகலனில் வெப்பம் அதையும் தாண்டுவதால், உள்ளே இழுக்கப்படும் துகள்கள் உருகி, பின்னாலுள்ள டர்பைன் தகடுகளில் படிந்து இறுகிவிடுகின்றன. காற்றோட்டம் தடைபட்டு என்ஜின் அணைந்துபோகும் அபாயம் ஏற்படுகிறது. விமானியின் முன்கண்ணாடியும் உராய்ந்து மங்கிவிடும். ஈரத்தைக் கண்டறியும் விமான வானிலை ரேடாரில், உலர்ந்த சாம்பல் மேகம் தென்படாது என்பது கூடுதல் ஆபத்து.

இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்திய விமானம் மும்பை, சென்னை வழியாகச் சென்றதே. 1982 ஜூன் 24-ஆம் தேதி, லண்டனிலிருந்து இவ்விரு நகரங்கள், கோலாலம்பூர் வழியாக நியூஸிலாந்து நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் சிக்கியது. நான்கு என்ஜின்களும் அணைந்தன. பல ஆயிரம் அடி கீழிறங்கிச் சாம்பலைவிட்டு விலகிய பிறகே அவை மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் விமானம் தரையிறங்க, அதிலிருந்த 263 பேரும் உயிர் தப்பினர்.

எச்சரிக்கை வரும் வழி

இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகு, 1990-களில் உலகம் முழுவதும் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. இன்று 9 மையங்கள் உள்ளன. ஹைலி குப்பி வெடிப்பு குறித்த தகவல்களை பிரான்சின் துலூஸ் மையம் வெளியிட்டது. அவற்றின் அடிப்படையில் மும்பை உள்ளிட்ட இந்திய வானிலைக் கண்காணிப்பு அலுவலகங்கள் விமானங்களுக்கான எச்சரிக்கைகளை விடுத்தன.

சாம்பல் பரவியுள்ள பகுதிகளையும் உயரங்களையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பாதையையும் எரிபொருள் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். என்ஜின் செயல்பாட்டில் மாறுபாடோ, பயணிகள் பகுதியில் புகையோ வாசனையோ தென்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அறிவுறுத்தியது. ஓடுபாதைகளைப் பரிசோதிக்குமாறு விமான நிலையங்களுக்கும் உத்தரவிடப்பட்டது.

ஆகாசா ஏர் நிறுவனம் நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டா, குவைத், அபுதாபி விமானங்களை ரத்து செய்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளின் மேலாகப் பறந்து வந்த விமானங்களை முன்னெச்சரிக்கையாகப் பரிசோதிப்பதற்காகச் சில சேவைகளை ரத்து செய்வதாக ஏர் இந்தியா அறிவித்தது. சென்னை - மும்பை சேவையும் அவற்றில் ஒன்று. வெளிநாடு சென்று திரும்பிய விமானமே அடுத்து உள்நாட்டுப் பயணத்துக்கும் பயன்படுத்தப்படக்கூடும். அது பரிசோதனைக்காக நிறுத்தப்பட்டால், சாம்பலே இல்லாத வழித்தடத்திலும் சேவை தடைபடும்.

பயணிகளின் உரிமை

விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம் திரும்பப் பெறுதல் ஆகிய இரண்டில் ஒன்றைப் பயணி தேர்வு செய்யலாம் என்கின்றன டிஜிசிஏ விதிகள். இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரணச் சூழலில் தனி இழப்பீடு கோர இயலாது. சென்னையிலிருந்து மும்பைக்கும், அங்கிருந்து வளைகுடாவுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதில் சிக்கல் அதிகம். முதல் விமானம் ரத்தானதற்காக இரண்டாவது நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இரு பயணங்களையும் ஒரே முன்பதிவில் எடுப்பது பாதுகாப்பானது.

இந்திய வான்பரப்பைச் சாம்பல் ஓரிரு நாள்களில் கடந்துவிட்டது. அஃபாரில் நிலைமை வேறு. உயிரிழப்பு குறித்த தகவல் இல்லை என்றபோதும், கிராமங்களைச் சாம்பல் மூடியதால் கால்நடைகளுக்கு மேய்ச்சல் இல்லை என உள்ளூர் நிர்வாகம் தெரிவித்தது. அங்குள்ள மக்களின் வாழ்வாதாரமே கால்நடை வளர்ப்புதான்.