பல்லுக்கும் ஓர் அரிவாள், ஓர் உளி

ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவருக்குப் பல் டாக்டரின் தட்டில் இருப்பவை புதிதாகத் தோன்றக் கூடாது. அரிவாள், உளி, மண்வெட்டி, அரம்: பற்காரை சுரண்டும் கைக்கருவிகளுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர்களே இவைதான். ஐந்தாவது ஒன்று உண்டு, ‘கியூரெட்’. சுரண்டி என்று வைத்துக்கொள்வோம். செம்பனையில் குட்டை மரத்துக் குலையை உளியால் தள்ளுகிறோம். மரம் உயர்ந்துவிட்டால் கழியில் கட்டிய அரிவாளுக்கு மாறுகிறோம். வாய்க்குள்ளும் அதே கணக்குத்தான்.

பல்லில் ஒட்டும் கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி, சில நாட்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். அதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது கூடுதலாகப் படியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் திறப்பது அந்த இடங்களில். வெற்றிலை போடுகிறவர்களுக்கு அதன்மேல் செம்பழுப்புக் கறையும் ஏறும். இறுகிய பிறகு பிரஷ்ஷும் பற்பசையும் அதை அசைக்காது.

காரை சுரண்டும் இந்த வேலை பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கோர்டோபா நகரில் வாழ்ந்த அல்-சஹ்ராவி என்ற அரபு மருத்துவர், 14 சுரண்டிகளைத் தம் நூலில் படமாகவே வரைந்து வைத்தார். ஒரு நாளில் முடியவில்லை என்றால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுரண்டு என்பது அவர் சொன்ன யோசனை. இன்றும் காரை மிகுந்த வாயை இரண்டு மூன்று முறை வரச் சொல்லித்தான் சுத்தம் செய்கிறார்கள்.

அரிவாள் வகையின் அலகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம். இரு பக்கமும் கூர், நுனி ஊசி. ஈறுக்கு மேலே தெரியும் காரையைப் பெயர்க்க அதைவிடத் தோதானது இல்லை. ஆனால் அந்த நுனி ஈறுக்குள் போனால் சதையைக் கிழித்துவிடும். அங்கேதான் சுரண்டி வேண்டும். அதன் முதுகும் நுனியும் உருண்டை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கில், முதுகு சதைப் பக்கமும் கூர் வேர்ப் பக்கமுமாக அது இறங்கும்.

சுரண்டியிலும் நுட்பமானது ‘கிரேசி’ வகை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கிளேட்டன் கிரேசி என்ற பல் மருத்துவர் வடிவமைத்தது. பொதுச் சுரண்டியின் அலகு கருவியின் கழுத்துக்கு 90 பாகையில் நிற்கும். இவர் அதை 70 பாகைக்குச் சாய்த்து, ஒரு பக்கம் மட்டும் கூர் வைத்தார். கழுத்தைப் பல்லுக்கு இணையாகப் பிடித்தாலே கூர் சரியான சாய்வில் போய் உட்காரும். ஒவ்வொரு இடத்துக்கும் எண்ணிட்ட தனி வளைவு உண்டு: முன்பல்லுக்கு 1/2, கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11/12, அதன் பின்பக்கத்துக்கு 13/14. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நம்பி வேலை செய்பவருக்கு இதைவிட என்ன உதவி வேண்டும்?

ஏன் சாய்வுக்கு இத்தனை பாடு? பால்மரம் சீவியவர்களிடம் கேளுங்கள். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கங்காணியிடம் ஏச்சும் கிடைக்கும். இங்கும் கூர் முகம் பல்லோடு 45 பாகைக்குக் குறைந்தால் காரையின் மேல் வழுக்கி அதை மழமழப்பாக்கிவிட்டுப் போகும். 90-ஐத் தாண்டினால் சதையில் பாயும். அதனால் பேனாவைப் பிடிப்பதுபோல் கருவியைப் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றி, குட்டைக் குட்டையாக இழுக்கிறார்கள். ஊன்றிய அந்த விரல்தான் கருவி நழுவாமல் காக்கிறது.

மொட்டைக் கத்தியால் மரம் சீவினால் பட்டை என்ன ஆகுமோ, மழுங்கிய சுரண்டியால் பல்லும் அப்படித்தான். கை அழுத்தம் கூடும், காரை பெயராது, நோயாளிக்கு வலிக்கும். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான விளிம்பு மின்னாது. மின்னினால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். தீட்டும்போது அலகின் 70 முதல் 80 பாகைக் கோணம் மாறக் கூடாது. உருண்டை நுனியைக் கூராக்கிவிட்டால் அது சுரண்டியே இல்லை.

நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிரும் மெஷின் இருக்கும்போது கைக்கருவி எதற்கு என்று கேட்கலாம். மெஷின் வேகமானது, மறுப்பில்லை. ஆனால் அது நீரைத் துளித்துளியாகக் காற்றில் தெறிக்கவிடும். கோவிட் காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கைக்கருவிக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னது அதனால்தான். மெஷினுக்குப் பிறகு மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து எடுக்கவும் கைதான் வேண்டும்.

‘ஸ்கேலிங் செய்தால், அதாவது காரையை எடுத்தால், பல் ஆடும்’ என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்த பிறகு, பல்லுக்குப் பல் பாலம் போட்டு நிற்பது காரை. அதை எடுத்ததும், முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் இடைவெளியும் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பழி மட்டும் கருவிமேல் விழுகிறது.

இப்போது இணையக் கடைகளில் கொக்கி கொக்கியாக இந்தக் கருவிகள் மலிவு விலைக்கு வருகின்றன. பெரும்பாலும் அவை ஊசி நுனி கொண்ட அரிவாள் வகை, ஈறுக்குள் போகக் கூடாத வகை. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் வாய்க்குள், விரல் ஊன்ற இடம் தெரியாமல் அதை விடாதீர்கள். கோல சிலாங்கூருக்கோ கிள்ளானுக்கோ போகிற நாளில் பல் கிளினிக்கில் காட்டுங்கள். கிருமி நீக்கிய உறையை உங்கள் எதிரிலேயே பிரிக்கிறார்களா என்றும் பாருங்கள்.