கீமோ நாட்களில் யோகா செய்யலாமா?



மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் சகோதரிகள் இதைக் கேட்கிறார்கள். கூடவே, மார்க்கத்துக்கு ஒத்து வருமா என்ற தயக்கமும் உண்டு. மந்திரம் எதுவும் ஓதத் தேவையில்லை. மூச்சும் உடல் நீட்டலும் போதும். மனம் ஒப்பாதவர்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 850 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2022-ல் அறிவித்தது. எளிய ஆசனம், மூச்சுப்பயிற்சி, ஓய்வு, அவ்வளவுதான். செய்தவர்களுக்குக் களைப்பும் வலியும் குறைந்தன. ஆனால் அவர்கள் மருந்தோடு சேர்த்துத்தான் செய்தார்கள். யோகாவை நம்பிக் கீமோவை நிறுத்திவிடாதீர்கள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நாற்காலியே போதும். பஜ்ருக்குப் பின் வீடு அமைதியாக இருக்கும்போது 5 நிமிடம் மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். வருடக்கணக்கில் பவர்டேபிளில் குனிந்து தைத்த தோள் இறுகிப்போயிருக்கும், மெதுவாகச் சுழற்றுங்கள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தூக்க வேண்டாம்.

எலும்புக்கு நோய் பரவியிருந்தால் முதுகை வளைப்பதும் முறுக்குவதும் கூடாது. தலை சுற்றினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.