தடுப்பூசி எந்தக் கட்சி? ஊசிக்கு முன்பே ஓடிய அரசியல் கணக்கு

விழுப்புரம் - திண்டிவனம் நெடுஞ்சாலையில் இருக்கிறது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. அங்குள்ள மருத்துவக் கல்லூரி திமுக ஆட்சியில் 2010-ல் தொடங்கியது. கொரோனா முதல் அலையை எதிர்கொண்டபோது நடந்தது அதிமுக ஆட்சி. படுக்கையில் கிடப்பவரிடம் யாரும் கட்சி கேட்பதில்லை. தடுப்பூசியில் மட்டும் 'என்ன சொல்றாங்க' என்பதைவிட 'யாரு சொல்றா' என்பது பெரிதாகிவிட்டது.

2021 ஜனவரி 3 அன்று, மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வரும் முன்பே கோவாக்சினுக்கு அவசர அனுமதி கிடைத்தது. 'ஏன் இந்த அவசரம்?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முந்தைய நாளே அகிலேஷ் யாதவ் 'பாஜக தடுப்பூசி'யை நம்பமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அது விஞ்ஞானிகளுக்கு அவமதிப்பு என்றது பாஜக. இந்தச் சத்தத்தில், தரவு கேட்டவர்களும் ஏதோ ஒரு கட்சிக்காரர்களாகவே பார்க்கப்பட்டார்கள். ஜூனில் அகிலேஷும் ஊசி போட்டுக்கொள்வதாக அறிவித்தார்.

தமிழ்நாட்டில்? மருத்துவரான அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் ஜனவரி 22-ல் கோவாக்சின் போட்டுக்கொண்டார். ஏப்ரலில் ஊசி போட்ட இரண்டாம் நாளே நடிகர் விவேக் மாரடைப்பில் இறந்தார். ஊசிக்குத் தொடர்பில்லை என மருத்துவர்கள் சொல்லியும் பயம் பரவியது. அந்தப் பயத்துக்குக் கட்சி நிறம் கிடையாது. இது கொஞ்சம் நல்ல விஷயம். மே 7-ல் ஆட்சி மாறியது. புது அரசும் 'ஊசி போடுங்க' என்றே சொன்னது. செப்டம்பர் 12 முதல் மெகா முகாம்களும் நடந்தன.