கன்றின் முதற் கோடை

மரம் நடுதல் நம்மிடையே ஒரு விழாவாகிவிட்டது. வட மாகாணத்திற் கார்த்திகையை மரநடுகை மாதமெனக் கொண்டாடுகிறோம். மாணவர் வரிசையாக நிற்க, அதிபரும் விருந்தினரும் கன்றை நட்டு ஒரு செம்பு நீர் வார்க்கின்றனர். நற்பணியே, ஐயமில்லை. ஆயினும், அடுத்த ஆவணியில் அக்கன்று என்னவாயிற்று என வினவுவார் மிகச் சிலர். நான் அறிந்த பாடசாலையொன்றில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே குழியில் மூன்று மாங்கன்றுகள் நடப்பட்டன. விழா மூன்று, மரம் ஒன்றேனும் இல்லை.

இதன் காரணம் நமது நிலத்திலும் பருவத்திலும் உளது. யாழ்ப்பாணத்துச் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. அதன் கீழே சுண்ணக்கல். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரையிலே பெய்து தீர்கிறது. தை பிறந்ததும் மேல்மண் காயத் தொடங்கும். முதிர்ந்த மரம் கல்லின் வெடிப்புக்களூடே வேரை இறக்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். புதுக் கன்றுக்கோ, அது வளர்ந்த பையளவு வேரே உடைமை.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். அவ்வைப்பசியின் முதல் மழைக்கு நட்ட கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று முற்றத்தில் நின்றது. 1996 சித்திரையில் மீண்டபோது, கிணற்றடியிலிருந்த பழைய மாமரம் எவர் கையையும் எதிர்பாராது காய்த்திருந்தது. கன்று வெறுங் குச்சியாய் நின்றது. மனிதரின்றி மரம் வாழும். மனிதரின்றிக் கன்று வாழாது என்பதை அன்று கண்டேன்.

எனவே, முதலாண்டுப் பராமரிப்பைச் சற்று விரித்துக் கூறல் தகும். மாரியிற் கன்றுக்குப் பகை, தேங்கும் நீரும் வாடைக்காற்றும். தாழ்ந்த நிலமாயின் மண்ணை மேடாக்கி நடுக. நீர் தேங்கின் வேருக்கு மூச்சு முட்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்றல் வேண்டும். அதன் கீழே தளிர்ப்பவற்றை உடனே கிள்ளிவிடுக. அவை அடிக்கன்றின் கிளைகளேயன்றி நாம் விரும்பிய இனத்தின் கிளைகள் அல்ல. காற்றில் ஆடாதபடி தடி நாட்டித் தளர்வாகக் கட்டுக; இறுகக் கட்டின் பட்டை அறுபடும்.

கோடையில் நாள்தோறும் மேலே தெளிக்கும் நீர் வேரை மேலேயே இருத்திவிடும். கன்றைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டி, சில நாளுக்கொருமுறை ஆழ ஊறும்படி வார்த்தலே நன்று. வேர் பரவப் பரவப் பாத்தியையும் அகலமாக்குக. சருகால் மண்ணை மூடலாம். ஆயின் அடித்தண்டிலிருந்து நான்கு விரல் விலக்கி இடுக. கறையான் வருகிறதா என அடிக்கடி கிளறிப் பார்த்துக்கொள்க. நீர் அரிதாயின், மண்பானையின் அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகி, கன்றருகே கழுத்தளவு புதைத்து நிரப்பிவிடுக. நீர் சிறிது சிறிதாகக் கசியும். நுளம்பு பெருகாதபடி பானையின் வாயை மூடல் அவசியம். மேற்குப் புறத்தில் பனையோலை நிழலும், ஆடு அணுகாதபடி சுற்றிவர ஓர் அடைப்பும் வேண்டும். கன்று இளமையிலேயே பூக்கக்கூடும். அப்பூவைக் கிள்ள மனம் வராதுதான், ஆயினும் கிள்ளுக. முதலாண்டின் உழைப்பு முழுவதும் வேருக்கே உரியது.

இவற்றுள் அரிய வித்தை எதுவுமில்லை. வேண்டுவது இடையறாத கவனம் ஒன்றே. பாடசாலைக் கன்றுகள் பெரும்பாலும் வாடுவது சித்திரை விடுமுறையில் என்பதை ஆசிரியர்கள் அறிவர். வெயில் கொடிதாகும் வேளையிலே வாயிற்கதவும் மூடப்படுகிறது. அயலிலுள்ள மாணவர் இருவர் மூவரிடம் விடுமுறைக்கு முன்பே அப்பொறுப்பை முறையாக ஒப்படைத்தல் இயலாத காரியமன்று.

நட்டவரின் பெயரை விழாவிலே வாசிக்கிறோம். மறு ஐப்பசி மழை வரை நீர் வார்த்த மாணவரின் பெயரையும் அதே மேடையில் வாசிக்கும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டாகுமாயின், ஒரே குழியை ஆண்டுதோறும் தோண்டும் வேலை நமக்கு இராது.