ஓட்டையை அடைத்தாயிற்று, அப்புறம்?

“சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு, இப்போ ஒண்ணும் இல்லை.” இதயக் குறையோடு பிறந்து, பிழைத்து வளர்ந்தவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. சின்ன ஓட்டையைக் காலத்தோடு அடைத்துக்கொண்ட பலருக்கு இது சரிதான். எல்லோருக்கும் அல்ல.

உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளில் பலருக்கு இருப்பது ‘டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ’. அறுவை சிகிச்சையில் ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகலான பாதையை அகலப்படுத்துவார்கள். அதில் அங்குள்ள வால்வு பலருக்கு ஒழுகத் தொடங்கிவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வரும். வலது கீழறை அதை இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டே விரிந்துபோகும். மூச்சு வாங்கி, படபடப்பு வந்தபின் ஓடினால் தாமதமாகியிருக்கலாம். எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் முன்பே காட்டிக்கொடுக்கும். உரிய நேரத்தில் வேறு வால்வு பொருத்தலாம். சிலருக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடை ரத்தக்குழாய் வழியாக.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பரிசோதிக்கிறது. 18 வயதோடு அது முடிகிறது. பிறகு நாமேதான் போக வேண்டும், பிறவி இதயக் குறையில் அனுபவமுள்ள மருத்துவரிடம்.

அவர் முதலில் கேட்பது பழைய ஆபரேஷன் குறிப்பு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிப்படி உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தாலே போதும். 5 வயதில் செய்ததை 25 வயதில் தேடினால் கிடைக்காமல் போகலாம். குழந்தைக்கு இப்போது ஆபரேஷன் ஆகிறதென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ புகார் செய்யலாம்.

என்னை மிகவும் வருத்துவது, பெண்களின் தழும்பைக் கல்யாணத்துக்காக மறைக்கச் சொல்வது. கர்ப்பம் இதயத்தின் வேலையைப் பெருமளவு கூட்டுகிறது. பெரிய ஓட்டையை அடைக்காமல் விட்டு நுரையீரல் அழுத்தம் ஏறிப்போன நிலையில் அது உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். புகுந்த வீட்டில் ரகசியமாக வைத்திருக்கும் பெண் எப்படிப் போவாள்?

காப்பீட்டிலும் மறைக்கக் கூடாது. பிறகு தெரிந்தால் பணம் தர மறுப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.