காப்புரிமை போனது, பாக்கெட் போகவில்லை

இந்திய உழவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஓர் உரிமை அமெரிக்க உழவருக்கு இல்லை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-இன் 39-ஆம் பிரிவு, பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் விதை எடுத்துவைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவிலோ, தானியக் கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்துப் பெருக்கிய இண்டியானா உழவர் வெர்னான் பௌமன், அந்தச் சோயாவுக்குக் காப்புரிமை வைத்திருந்த மான்சான்டோ நிறுவனத்துக்கு 84,456 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கமே நின்றார்கள்.

அப்படியானால் நம் பருத்தி உழவர் ஏன் ஆண்டுதோறும் விதைக்கடை வாசலில் நிற்கிறார்?

காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு புகுத்திய பிடி பருத்திக்கு இங்கே 2002-இல் அனுமதி கிடைத்தது. பச்சைக் காய்ப்புழு கட்டுப்பட்டது; அதற்கு அடித்த மருந்தும் தொடக்க ஆண்டுகளில் குறைந்தது. உழவர்கள் விரும்பித்தான் வாங்கினார்கள். ஆனால் 450 கிராம் பாக்கெட்டில் 1,250 ரூபாய் மான்சான்டோவின் மரபணுவுக்கான ராயல்டியாகவே போனது. 2006-இல் ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகே விலை இறங்கியது. பின்னர் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டைக் கையிலெடுத்து, ராயல்டியை 49 ரூபாய், 39, 20 என்று வெட்டி, 2020-இல் பூஜ்யமாக்கியது. இரண்டாம் தலைமுறை பிடி பருத்தியின் காப்புரிமைக் காலமும் 2019-இல் முடிந்துவிட்டது.

ராயல்டி இல்லை, காப்புரிமையும் இல்லை. ஆனாலும் 2020-இல் 730 ரூபாயாக இருந்த பாக்கெட்டின் உச்ச விலை 2025-இல் 901 ரூபாய்.

பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிடி மரபணு சாதாரண ரகங்களில் வந்தது. இங்கே முதலில் அனுமதி பெற்ற மூன்றுமே வீரிய ஒட்டு விதைகள். அடுத்து வந்தவையும் பெரும்பாலும் அப்படியே. ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைத்தால் செடிக்குச் செடி குணம் மாறும், மகசூல் விழும். விதையைச் சேமிக்க உரிமை உண்டு, சேமிக்கத் தகுந்த விதை இல்லை. 39-ஆம் பிரிவு பருத்திக் காட்டில் ஏட்டுச் சுரைக்காய்.

நிறுவனங்களுக்கு இதில் நட்டமில்லை. புழு பழகிக்கொண்டதன் நட்டம் உழவருக்கு. முதல் தலைமுறை பிடி பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் வென்றுவிட்டதை 2010-இல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. இரண்டாம் தலைமுறையும் பிறகு தோற்றது. இன்று உழவர் விதைக்கும் செலவழித்து, புழுவுக்கும் மருந்தடிக்கிறார்.

மாற்று முயற்சி நடக்காமலில்லை. நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனம், உழவர் தாமே விதையெடுக்கக்கூடிய பிகானேரி நெர்மா பிடி ரகத்தை வெளியிட்டது. அதில் மான்சான்டோவின் மரபணு கலந்திருப்பது தெரிந்து, 2009-இலேயே அது நிறுத்தப்பட்டது. அரசு நிறுவனத்தின் கவனக்குறைவுக்கு உழவர் கொடுத்த விலை பெரிது: கடைக்கு மாற்றாக இருந்த ஒரே வாசல் பல ஆண்டுகளுக்கு அடைபட்டது.

காப்புரிமையை மட்டும் எதிர்த்துப் போராடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் காப்புரிமையைத் தோற்கடித்தாலும், விதைக்கடையைத் தவிர வேறு வழியில்லாதவரை உழவருக்கு விடுதலை இல்லை. கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி போல, அறுவடையிலேயே அடுத்த பருவத்து விதையைத் தரும் ரகங்களை வேளாண் பல்கலைக்கழகங்கள் பெருக்கித் தர வேண்டும். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்த உழவருக்கு முதலில் வேண்டியது, மறுபடி முளைத்தாலும் குணம் மாறாத விதை.